பிறக்கும் முன்பே பிள்ளையின் மூச்சுக்கு ஊசி: உங்கள் அனுபவம் என்ன?

பாம்பன் வாசகி:
என் தம்பி மனைவி கரையில் பாசி எடுப்பவள். ஏழாம் மாதம் முடியும் முன்பே வலி கண்டுவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் பார்த்தவுடனே ராமநாதபுரத்துக்கு அனுப்ப 108-ஐ அழைத்தார். வண்டி வருவதற்குள் தொடையில் ஓர் ஊசி. "வலிதான் நிற்கவில்லையே, பிறகு எதற்கு ஊசி?" என்று அம்மா சண்டைக்கே போய்விட்டார். "இது உங்கள் மருமகளுக்கு இல்லை அம்மா, உள்ளே இருக்கிற பிள்ளைக்கு" என்றார் அவர். ஊசி போட்ட நேரத்தைப் பரிந்துரைச் சீட்டில் எழுதி, அடியில் அழுத்திக் கோடும் போட்டார். பெரிய மருத்துவமனையில் அதைப் பார்த்துத்தான் அடுத்த ஊசிக்கு நேரம் குறித்தார்கள். மூன்றாவது ஊசிக்குப் பின் பெண் குழந்தை. கொஞ்ச நாள் ஆக்சிஜன் தேவைப்பட்டது. இப்போது வீட்டையே இரண்டாக்குகிறாள்.

உச்சிப்புளி, ஓய்வுபெற்ற செவிலியர்:
அந்தச் செவிலியருக்கு என் வணக்கம். அது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. ஒரு வேளைக்கு 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 4 ஊசி. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் என்று தெரிந்தால் போடுவோம். நுரையீரலின் காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒரு பொருள் குறைமாதப் பிள்ளைக்குப் போதிய அளவு சுரந்திருக்காது. இந்த ஊசி அதைத் துரிதப்படுத்துகிறது. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் செம்மறியாட்டுக் குட்டிகளிடம் கண்டதை வைத்து, ஹோவி என்ற மருத்துவருடன் சேர்ந்து இதே வகை மருந்தைத் தாய்மார்களிடம் சோதித்து, முடிவை 1972-இல் வெளியிட்டார். முழுப்பலன் கிடைக்க ஒரு நாளாவது வேண்டும். அதனால்தான் 'பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள்' என்று வெறுங்கையோடு ஏற்றி அனுப்புவதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பாலம் தாண்டிப் போகிற நேரமும் பிள்ளையின் நேரம்தான். நான்கும் முடியாமல் பிறந்தாலும் போட்டது வீணில்லை.

கீழக்கரை வாசகர்:
என் மனைவிக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை. ஊசிக்குப் பின் அளவு எகிறியது. அடிக்கடி விரலில் குத்திப் பார்த்து, இன்சுலினைக் கூட்டினார்கள். சில நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. சர்க்கரை உள்ளவர்கள் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். ஊசியை மட்டும் மறுத்துவிடாதீர்கள்.