இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்தபின் விண்டோஸ் பூட் ஆகவில்லை

கேள்வி:
விண்டோஸ் 10 எஸ்எஸ்டியில் இருக்கிறது. கூடவே ஒரு பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க். அதிலிருந்த பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்து ஃபார்மேட் செய்தேன். எஸ்எஸ்டியைத் தொடவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் பூட் டிவைஸ் இல்லை என்கிறது. பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) எஸ்எஸ்டி தெரிகிறது. விண்டோஸை மறுபடி போடத்தான் வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம், ஃபைல்கள் அப்படியே இருக்கும். விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருந்தாலும் பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கில் இருந்திருக்கின்றன. இன்னொரு டிஸ்க்கில் ஏற்கெனவே இஎஃப்ஐ பார்ட்டிஷன் (பூட் ஃபைல்களை வைக்கும் சிறு பகுதி) இருந்தால், இன்ஸ்டாலர் புதிதாக உருவாக்காமல் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்ளும்.

முதலில் பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். தவறான டிஸ்க்கில் கை வைக்கும் அபாயம் போய்விடும். 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரை ஏற்றி, பூட் மெனுவில் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். முதல் திரையில் ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினால் கட்டளைத் திரை வரும். (கட்டளைகளை ஒலிப்பில் தருகிறேன், ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

டிஸ்க்பார்ட்
லிஸ்ட் டிஸ்க்
லிஸ்ட் வால்யூம்

டிஸ்க் பட்டியலில் ஜிபிடி (புதிய பார்ட்டிஷன் முறை) என்ற நெடுவரிசையில் எஸ்எஸ்டிக்கு நேராக நட்சத்திரக் குறி இருக்க வேண்டும். இல்லையென்றால் இங்கேயே நிறுத்துங்கள். இந்தச் சூழலில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம், அதனால் அளவைப் பார்த்து விண்டோஸ் வால்யூமைக் கண்டுபிடியுங்கள். அது சி என்றால் (கடைசி வரியிலுள்ள பிசிடிபூட்தான் பூட் ஃபைல்களை எழுதும் கருவி):

செலக்ட் வால்யூம் சி
ஷ்ரிங்க் டிசையர்ட்=300
கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260
ஃபார்மேட் குவிக் எஃப்எஸ்=ஃபேட்32
அசைன் லெட்டர்=இசட்
எக்ஸிட்
பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் இசட்: /எஃப் யூஇஎஃப்ஐ

பதில் 2:
நட்சத்திரம் இல்லாவிட்டால் எஸ்எஸ்டி எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருக்கிறது. அப்போது இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்க முடியாது. சி பார்ட்டிஷனை 'ஆக்டிவ்' (பூட் ஆகும் பகுதி) ஆக்கி, பிசிடிபூட்டில் /எஸ் சி: /எஃப் பயாஸ் என்று கொடுங்கள். பிறகு எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கொண்டு ஜிபிடிக்கு மாற்றிக்கொள்ளலாம், பிரைமரி பார்ட்டிஷன் 3-க்கு மேல் இருக்கக் கூடாது. வரிசையை மாற்றாதீர்கள்: பிசிடி (பூட் விவரங்களின் தொகுப்பு) பதிவு சரியாக இல்லாத டிஸ்க்கை அந்தக் கருவி ஏற்காது.

பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் 48 இலக்க ரிகவரி கீயால் சி-யைத் திறந்த பிறகே இதெல்லாம் நடக்கும். பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர் என்று பலர் சொல்வார்கள். யூஇஎஃப்ஐ பூட்டுக்கு அதனால் பயனே இல்லை.

கேள்வி கேட்டவர்:
நட்சத்திரம் இருந்தது. பிசிடிபூட் வெற்றி என்று சொல்லிவிட்டது. ஆனால் பயாஸ் பூட் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜர் வரவில்லை.

பதில் 1:
/எஸ் கொடுத்தால் பிசிடிபூட் மதர்போர்டின் நினைவகத்தில் பதிவு எழுதாது, ஃபைல்களை மட்டும் வைக்கும். பூட் மெனுவில் எஸ்எஸ்டியின் பெயரையே யூஇஎஃப்ஐ வரியாகத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் திறந்ததும் அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பிசிடிபூட் சி:\விண்டோஸ் என்று மட்டும் ஓட்டுங்கள், பதிவு வந்துவிடும். அது ஒழுங்காக பூட் ஆவதைப் பார்த்த பிறகு பழைய டிஸ்க்கை மாட்டுங்கள்.