1521 விட்ருவியஸ் புக்ல மிலான் கதீட்ரல் எப்படி வந்துச்சு?

கேள்வி: விட்ருவியஸோட கட்டடக்கலை புக்க செசரியானோ மொழிபெயர்த்து, இத்தாலில கோமோங்கிற ஊர்ல அச்சான 1521 பதிப்போட ஸ்கேன் பாத்துட்டு இருந்தேன், விட்ருவியஸ் பழைய ரோமானிய கட்டடக்கலை ஆளு, ஆனா படத்துல மிலான் கதீட்ரல் இருக்கே, அது ரொம்ப பின்னாடி வந்த இடைக்கால கோதிக் பாணி இல்லையா?

பதில் 1: கோதிக்தாங்க. செசரியானோ மிலான்காரர், கண்ணு முன்னாடி நின்ன கட்டடத்தையே வச்சு தரைப்படம், குறுக்குவெட்டுன்னு விளக்கிட்டாரு, முக்கோணம் வட்டம்லாம் போட்டு அளவு எப்படி வருதுன்னு காட்டிருப்பாரு, அந்த புக்லயே எனக்கு பிடிச்சது அதான்.

பதில் 2: முதல்ல படத்தோட வந்தது 1511 வெனிஸ் பதிப்பு, ஃப்ரா ஜோகோண்டோ போட்டது, லத்தீன். நீங்க பாக்குற 1521 பதிப்புதான் இத்தாலியன்ல அச்சான முதல் மொழிபெயர்ப்பு.

பதில் 3: அந்த படங்கள்லாம் மரக்கட்டைல செதுக்கி அச்சடிச்சது. மரக்கட்டைல கோடு மேடா நிக்கும், அதனால எழுத்தோட சேத்து ஒரே அழுத்துல அச்சடிச்சிடலாம், செப்புத்தகடுன்னா தனி பிரஸ் வேணும். இன்னொண்ணு, பாதில தகராறு ஆகி செசரியானோ வெளிய போயிட்டாரு, மிச்சத்த வேற ஆளுங்கதான் முடிச்சாங்க.