இறக்கத்தில் நடை உடைகிறது: டென்னசி வாக்கிங் குதிரை

என் டென்னசி வாக்கிங் பெண் குதிரைக்கு ஒன்பது வயது. சமதளத்திலும் ஏற்றத்திலும் இந்த இனத்துக்கே உரிய அருமையான ரன்னிங் வாக் நடை: நான்கு குளம்படியும் தனித்தனியாகக் கேட்கும், தலை தாளத்தோடு அசையும், பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழும். மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் குலுக்கலே தெரியாது. இந்தச் சுகத்துக்காகத்தானே இந்த இனத்தை வாங்குகிறோம்!

சில வாரங்களாக, காட்டுப்பாதையில் இறக்கம் வந்ததும் பேஸ் (pace) என்ற நடைக்கு மாறிவிடுகிறாள். ஒரு பக்கத்து இரு கால்களும் சேர்ந்தே போகின்றன, முதுகு விறைக்கிறது, தலையசைவு நின்றுவிடுகிறது. வேறு குதிரைக்குப் பின்னால் போனால் இன்னும் மோசம். ஆள் ஏறாமல், சேணமும் இல்லாமல் அதே சரிவில் கையில் பிடித்து நடத்தினால் நடை சுத்தமாக இருக்கிறது.

கால்நடை மருத்துவர் கால், முதுகு, பல் எல்லாம் பார்த்துவிட்டார், நொண்டல் இல்லை. லாடக்காரர் முன்குளம்பின் நுனியைக் குறைத்துப் புது லாடம் அடித்தார். கடிவாளத்தை ஸ்னாஃபிள் என்ற மென்மையான வகைக்கு மாற்றினேன். தரையில் கட்டைகளைப் போட்டு அவற்றின் மேல் நடத்தியதில் சமதள நடைதான் இன்னும் மெருகேறியது, இறக்கத்தில் மாற்றமில்லை. சேணம் அளவு சரி என்றார்கள், ஆனால் அவள் அசையாமல் நின்றபோது மட்டும் பார்த்த அளவு அது. எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

சரிவில் இறங்கும்போது சேணம் முன்னே நகர்ந்து தோள்பட்டையை அழுத்துகிறதா என்று உறுதியாகக் கண்டுபிடிப்பது எப்படி?