மொத்த டெஸ்டோஸ்டிரோன் 268: ஊசி வரைக்கும் போகணுமா?

நெல்லையான்:
38 வயது, 92 கிலோ, 170 செ.மீ. கொஞ்ச நாளாக அசதி, தாம்பத்திய ஆர்வமும் குறைவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாலை 4 மணிக்குக் கொடுத்த ரத்தம். மொத்த டெஸ்டோஸ்டிரோன் 268 நானோகிராம்/டெசிலிட்டர், ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் (எதோடும் ஒட்டாமல் தனியாகத் திரிவது) 9.4 பிகோகிராம்/மில்லி. முடி கொட்டுவதற்காகத் தினமும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை 10 மி.கி. ஓடுகிறது. ஃப்ரீ 60-க்கு மேல் இருக்கணும் என்று ஒரு கால்குலேட்டரில் போட்டிருக்கிறது. ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்கிறார்கள். போடலாமா?

லேப்வாசி:
இந்த ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு பண்ணாதீங்க சார். ரத்தம் எடுத்த விதத்திலேயே மூன்று கோளாறு.

முதலாவது நேரம். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும். 7 முதல் 10 மணிக்குள் எடுக்கணும். இரண்டாவது சாப்பாடு. சோறோ இனிப்போ உள்ளே போனாலே சில மணி நேரத்துக்கு அளவு கால்வாசி வரை சரியலாம், அதனால் வெறும் வயிறு.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: பயோட்டின். சில மெஷின்களில் ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய துகள்கள் பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும் முறையில்தான் சோதனையே நடக்கும். ரத்தத்தில் மாத்திரையின் பயோட்டின் நிறைய இருந்தால் அது இடத்தை அடைத்துக்கொள்ளும், சிக்னல் குறையும். டெஸ்டோஸ்டிரோன் சோதனையில் சிக்னல் குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று மெஷின் படிக்கும். எல்.ஹெச் (விரையை வேலை வாங்கும் மூளைச் சுரப்பி ஹார்மோன்) சோதனையில் அதே குறைவு ஹார்மோன் கம்மி என்று வரும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர், ஆள் ரகசியமாக ஸ்டீராய்டு போடுகிறார் என்றே நினைப்பார். உங்கள் லேப் மெஷின் அந்த வகையா என்று கேளுங்கள். எப்படியும் மூன்று நாள் முன்பே மாத்திரையை நிறுத்திவிடுங்கள்.

காய்ச்சல் வந்து போன வாரத்தில் எடுக்க வேண்டாம். முதல் தடவை குறைவாக வந்தவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு மறுசோதனையில் சரியாகவே வருகிறது. அதனால் வெவ்வேறு நாளில் இரண்டு காலைச் சோதனை, முடிந்தவரை ஒரே லேபில். அலகையும் பாருங்கள்: 268 நானோகிராம்/டெசிலிட்டர், 2.68 நானோகிராம்/மில்லி, 9.3 நானோமோல்/லிட்டர் எல்லாம் ஒன்றுதான்.

தராசு:
அந்த 9.4-க்குப் பயப்படாதீங்க. அது அனேகமாக ஃப்ரீயை மெஷினே நேராக அளக்கும் 'டைரக்ட்' முறை. அதன் எல்லையே ஏறக்குறைய 9 முதல் 27 வரைதான். கால்குலேட்டரில் நீங்கள் பார்த்த 60, கணக்கிட்டு எடுக்கும் ஃப்ரீக்கு. அது வேறு அளவுகோல். ஒன்றின் எண்ணை மற்றதன் எல்லையோடு ஒப்பிடுவது கிலோவையும் பவுண்டையும் கலக்குகிற மாதிரி. அதைவிட, டைரக்ட் முறையே நம்பகமானதல்ல. அதற்குக் கொடுக்கும் காசில் எஸ்.ஹெச்.பி.ஜி (டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் ரத்தப் புரதம்) எடுக்கலாம்.

ரத்தத்தில் சுற்றும் டெஸ்டோஸ்டிரோனில் 2 சதவீதம்தான் தனியாகத் திரிகிறது. பாதிக்கு மேல் அல்புமின் என்ற இன்னொரு ரத்தப் புரதத்தோடு லேசாக ஒட்டியிருக்கும். மீதி எஸ்.ஹெச்.பி.ஜி-யின் பிடியில், லேசில் விடாது. உங்கள் எடைக்கு இந்த எஸ்.ஹெச்.பி.ஜி குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு இருந்தாலும் குறையும். வயதானாலும், ஈரல் நோய் வந்தாலும், தைராய்டு கூடினாலும், ஃபெனிடாயின் மாதிரி வலிப்பு மாத்திரை சாப்பிட்டாலும் ஏறும்.

உங்கள் 268-ஐயே வைத்து, அல்புமின் 4.3 கிராம்/டெசிலிட்டர் என்று எடுத்து, ஃப்ரீயைக் கணக்கிடும் வெர்மியூலன் சூத்திரத்தில் போட்டேன். எஸ்.ஹெச்.பி.ஜி 16 நானோமோல்/லிட்டர் என்றால் ஃப்ரீ சுமார் 74 பிகோகிராம்/மில்லி. 55 என்றால் 37தான். ஐரோப்பிய ஆய்வுகள் பயன்படுத்தும் எல்லை 220 பிகோமோல்/லிட்டர், அதாவது சுமார் 63. மொத்த அளவு ஒரே எண்தான், ஒருவருக்குப் பிரச்சினை இல்லை, இன்னொருவருக்கு இருக்கிறது.

நெல்லையான்:
இரண்டு காலையும் குறைவாகவே வந்தால்?

கண்ணாடி டம்ளர்:
அப்போது எல்.ஹெச், எஃப்.எஸ்.ஹெச், புரோலாக்டின் என்ற மூன்று பிட்யூட்டரி (மூளையடிச் சுரப்பி) ஹார்மோன்களைப் பார்க்கணும். பிட்யூட்டரி எல்.ஹெச்-ஐ அனுப்பித்தான் விரையை வேலை வாங்குகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.ஹெச் 18, 20 என்று ஏறியிருந்தால் கோளாறு விரையில்: க்ளைன்ஃபெல்டர் (கூடுதல் எக்ஸ் குரோமோசோமோடு பிறப்பது), பொன்னுக்குவீங்கி வந்து விரை பாதித்தது, கீமோ. எல்.ஹெச் 3 என்று வந்தால் லேப் 'நார்மல்' என்று அச்சடிக்கும், ஆனால் அது நார்மல் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் இவ்வளவு இறங்கியும் மேலிடமான பிட்யூட்டரி சத்தம் போடவில்லை என்றுதான் பொருள். உடல் பருமன், குறட்டையோடு மூச்சு நிற்பது, டிரமடால் மாதிரி வலி மாத்திரை, புரோலாக்டின் கூடுதல், உடலில் இரும்பு தேங்குவது, இவற்றைத் தேடணும். மொத்த டெஸ்டோஸ்டிரோன் 150-க்குக் கீழே போனாலோ, விடாத தலைவலியோ பார்வைக் குறைபாடோ இருந்தாலோ பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ.

ஊசியை இதற்கெல்லாம் முன்னால் போட்டால் எல்.ஹெச் அடியோடு இறங்கிவிடும். காரணம் எங்கே என்று பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம். விந்தணுவும் பூஜ்ஜியம் வரை போகலாம், நிறுத்திய பிறகு திரும்ப மாதக்கணக்கில் ஆகும். குழந்தை வேண்டும் என்றால் எண்டோகிரைனாலஜிஸ்டிடம் (ஹார்மோன் டாக்டர்) முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹீமடோக்ரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும், 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்தணும்.

நெல்லையான்:
கடைசியா ஒண்ணு. அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட். காலை 8 மணிக்கு லேபுக்குப் போகலாமா?

லேப்வாசி:
வேண்டாம் சார். ராத்திரி முழுக்க விழித்துவிட்டு வரும் 8 மணி, உடம்புக்குக் காலையே இல்லை. பகல் ஷிஃப்டுக்கு மாறி ஒரு வாரம் ஒழுங்காகத் தூங்கியபின் போங்கள்.