'குகைவாழ் உயிரி' என்ற ஒரே சொல் போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

குகைக்குள் இறங்குபவர்களுக்கான கையேட்டில் ட்ரோக்ளோசீன் (குகைக்கு வந்துபோவது), ட்ரோக்ளோஃபைல் (குகையிலும் வெளியிலும் வாழ்வது), ட்ரோக்ளோபைட் (குகையில் மட்டுமே வாழ்வது) மூன்றையும் 'குகைவாழ் உயிரி' என்றே எழுதிவிடலாம், தேவைப்பட்டால் அடைமொழி சேர்க்கலாம் என்று இந்த இழையில் வந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளே ஒரு விலங்கைப் பார்த்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதே அது இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

முதலில் வௌவால். குகையில் தொங்குகிறது, குட்டி போடுகிறது, குளிர்நாடுகளில் மாதக்கணக்கில் உறங்குகிறது, ஆனால் இரைக்கு வெளியேதான் போகிறது. ஆஸ்திரியப் பூச்சியியலாளர் ஷைனர் 1854-இல் தொடங்கி ருமேனிய உயிரியலாளர் ரகோவிட்சா 1907-இல் திருத்திய பகுப்பில் இது ட்ரோக்ளோசீன். கிரேக்கத்தில் க்செனோஸ் என்றால் அயலார், விருந்தினர் இரண்டும் என்பதால் 'குகைவிருந்தாளி' என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். நம் 'விருந்து' என்ற சொல்லுக்கும் புதுமை என்பதுதான் பழைய பொருள், அதனால் எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் ஆண்டு தவறாமல் அதே கூரைக்குத் திரும்பிவந்து குட்டி வளர்க்கிற உயிரை விருந்தாளி என்றால், தொந்தரவு செய்தாலும் வேறிடம் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் படிப்பவருக்கு வந்துவிடும். நடுக்குளிரில் எழுப்பப்பட்ட வௌவால் வசந்தத்துக்காகச் சேர்த்து வைத்த கொழுப்பைச் செலவழித்துவிட்டுப் பட்டினியில் சாகக்கூடும். வட அமெரிக்காவில் 2006 முதல் லட்சக்கணக்கில் வௌவால்களைக் கொன்ற வெண்மூக்கு நோயும் இப்படித்தான் கொல்கிறது: பூஞ்சை தோலில் வளர்ந்து உறக்கத்தைத் திரும்பத் திரும்பக் கலைக்கிறது. அந்தப் பூஞ்சை காலணியிலும் கயிற்றிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த குகைக்குப் போகும்.

நமக்கு 'அடைதல்' இருக்கிறதே! பறவை கூடடைகிறது என்கிறோம். போய் இரைதேடித் திரும்பி வந்து தங்குவது முழுவதும் அந்த ஒரு வினையில் அடங்கிவிடுகிறது. ஆகவே குகையடைவி. இரவில் பழம் தேடிப் பறந்துவிட்டு, இருட்டுக் குகைக்குள் எதிரொலியை வைத்தே வழி கண்டுபிடிக்கும் தென்னமெரிக்க எண்ணெய்ப்பறவைக்கும் இது பொருந்தும்.

ட்ரோக்ளோபைட்டுக்குக் குகையுறைவி. 'குகைவாழி' பிழையில்லை, ஆனால் வௌவாலும் அங்கே வாழத்தானே செய்கிறது? உறைதல் என்றால் நிலையாகத் தங்குதல், 'உறைவிடம்' எல்லோருக்கும் தெரிந்த சொல். ஸ்லோவேனியக் குகைநீரில் இருக்கும் ஓல்ம் என்ற சாலமாண்டர் நல்ல எடுத்துக்காட்டு: நிறம் வெளுத்து, கண் தோலுக்கடியில் புதைந்து, இரையில்லாமல் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்து, பல பத்தாண்டுகள் வாழ்கிறது. இவ்வளவு மெதுவாக வாழும் உயிர் ஒன்று குறைந்தால் ஈடாகப் பல காலமாகும். குகையடைவி என்றால் எந்தப் பருவத்தில் போகக்கூடாது என்று கேட்க வேண்டும், குகையுறைவி என்றால் எங்கே கால் வைக்கக்கூடாது என்று.

இடையில் இருக்கும் ட்ரோக்ளோஃபைல்கள் சில சிலந்திகள், மண்புழுக்கள் போன்றவை. உள்ளேயே தலைமுறை தலைமுறையாக இருக்கும், வெளியிலும் இருக்கும். 'குகைவிரும்பி' நேர் மொழிபெயர்ப்பு, ஆனால் இங்கே விருப்பம் என்று ஒன்றும் இல்லை, இரண்டு இடமும் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். குகையிசைவி என்று வைத்திருக்கிறேன்.

'குகை'க்குப் பதிலாக, குகை, பொந்து என்று பொருள்படும் பழஞ்சொல்லான 'அளை' என்று தொடங்கலாமே என்ற கேள்வி வரும். புறநானூற்றுக் கல்லளை எனக்கும் பிடித்த சொல், ஆளே நுழைய முடியாத பிளவுகளையும் சேர்த்துச் சொல்லும். ஆனால் கையேட்டைப் படிப்பவர் அகராதியைத் தேடக்கூடாது.

அப்புறம் ஒரு சிக்கல். மெக்சிகோவின் குகைமீன் ஒரே இனம்தான், ஆற்றில் இருப்பதற்குக் கண் உண்டு, குகையில் இருப்பதற்கு இல்லை. ஆகவே சொல்லை இனத்தின் மேல் மட்டும் ஒட்டாமல் 'குகையுறைவித் தொகை' என்று கூட்டத்துக்கும் பயன்படுத்த இடம் விட வேண்டும். கேரளத்துக் கிணறுகளில் கிடைக்கும் குருட்டுக் கெளுத்திக்குக் 'குகை'யே பொருந்தாது. அதன் வாழிடம் நிலத்தடி நீர், அதற்கு அடிநீருறைவி என்கிறேன். செங்குத்துப் பொந்தில் தவறி விழுந்து அடியில் கிடக்கும் பாம்பும் தவளையும் இந்த வகை எதிலும் சேராது, 'தவறிவந்தவை' என்று சாதாரணமாகவே எழுதலாம்.

இசைவியில்தான் எனக்குத் தயக்கம், காதுக்குப் பாட்டு மாதிரி கேட்கிறது. 'இயைவி' பரவாயில்லையா, அல்லது வேறு சொல் தோன்றுகிறதா?