‘கிளாஸ் ஆக்‌ஷன்’: வகுப்பா, குழுவா, தொகையா?

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், கோவை

அவையோர் அனைவருக்கும் வணக்கம். சட்டக் கல்லூரி மாணவர்களுக்கான நூலொன்றில் ஓர் இயலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இயலின் பொருள், மெர்க் நிறுவனம் 1999இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த வயாக்ஸ் என்னும் மூட்டுவலி மாத்திரை. மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது என்று நிறுவனத்தின் சொந்த ஆய்விலேயே தெரியவந்ததால், 2004 செப்டம்பர் 30 அன்று சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு பல்லாயிரம் பேர் வழக்குத் தொடுத்தனர். 2007 நவம்பரில் 485 கோடி டாலர் தருவதாக நிறுவனம் உடன்பட்டது.

பலர் சார்பில் ஒருவரோ சிலரோ தொடுக்கும் வழக்கைக் குறிக்கும் ‘கிளாஸ் ஆக்‌ஷன்’ என்ற தொடர் இந்த இயலில் பதினோரிடங்களில் வருகிறது. நான் முதலில் ‘வகுப்பு நடவடிக்கை’ என்று எழுதிவிட்டேன். மெய்ப்புத் திருத்துபவர் ஓரத்தில் பென்சிலால் ‘எத்தனையாம் வகுப்பு?’ என்று எழுதித் திருப்பியனுப்பியிருக்கிறார். ‘வகுப்பு வழக்கு’ என்று மாற்றினால் வகுப்புக் கலவரத்தின் உடன்பிறப்பைப் போல ஒலிக்கிறது. நல்ல சொல் ஒன்று தந்து உதவுங்கள்.

அனுப்புநர்: வழக்கறிஞர், மதுரை

அம்மா, சொல்லைத் தேடும் முன் பொருளைச் சரிபார்த்துவிடுவோம். வயாக்ஸால் உடல்நலம் கெட்டோர் தொடுத்த வழக்குகள் ‘கிளாஸ் ஆக்‌ஷன்’ ஆகவில்லை. நாடு தழுவிய ஒரே வழக்காக அவற்றை ஏற்கும்படி கேட்டார்கள்; நியூ ஆர்லியன்ஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதி எல்டன் ஃபாலன் 2006இல் மறுத்துவிட்டார். ஒருவர் புகைபிடிப்பவர், இன்னொருவருக்கு முன்பே இதயநோய், மூன்றாமவர் மாத்திரையைச் சில வாரங்களே விழுங்கியவர் என்று ஒவ்வொருவர் கதையும் வேறாக இருக்கையில், ஒருவருக்குச் சொல்லும் தீர்ப்பை மற்றவர் தலையில் கட்ட முடியாது. ஆகவே விசாரணைக்கு முந்தைய வேலைகளுக்காக மட்டும் வழக்குகள் ஒரே நீதிபதியிடம் சேர்க்கப்பட்டன. வழக்குகள் தனித்தனியாகவே இருந்தன. இந்த வகைக்கு ‘மாஸ் டார்ட்’ என்று பெயர்.

‘கிளாஸ் ஆக்‌ஷன்’ வேறு. அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளில் 23ஆம் விதி, 1966இல் திருத்தப்பட்ட வடிவில், அதற்கு அடிப்படை. ஒருவரோ சிலரோ நீதிமன்றத்துக்கு வருவார்கள். வராத ஆயிரக்கணக்கானோரையும் தீர்ப்புக் கட்டுப்படுத்தும். இழப்பீடு கேட்கும் வழக்காயின், விரும்பாதவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 1 விதி 8 இதற்கு உறவுக்காரன் என்றாலும், அங்கே விலகும் உரிமை இப்படி வரையறுக்கப்படவில்லை. தன்னையும் ஒரு தரப்பினராகச் சேர்க்கும்படி மனுச் செய்யலாம், அவ்வளவுதான்.

எனவே உங்கள் பதினோரிடங்களையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘கிளாஸ் ஆக்‌ஷன்’ என்பதற்குக் ‘குழு வழக்கு’, ‘மாஸ் டார்ட்’ என்பதற்குத் ‘திரள் வழக்கு’ என்பது என் பரிந்துரை. ‘கூட்டு வழக்கு’ வேண்டாம். எல்லாரும் சேர்ந்து கையெழுத்திட்டுத் தொடுத்ததாக ஒலிக்கும்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சிதம்பரம்

‘குழு’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குழூஉக்குறி நினைவுக்கு வருகிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்று தமக்குள் சொல்லிக்கொள்வது போன்ற மறைபேச்சு அது. வழக்கு என்ற சொல்லும் பக்கத்தில் நின்றால் இலக்கணம் படித்தவர் வேறெங்கோ போய்விடுவார்.

வகு என்பதற்கு எதிர்ச்சொல் தொகு. ‘வகுத்தான் வகுத்த வகையல்லால் கோடி தொகுத்தார்க்கும்’ என்று வள்ளுவர் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறார். வகுப்பு என்பது பிரிப்பது; அருணகிரியாரின் திருவகுப்பைப் பாடுவோர்க்கு அது சந்தக் கூறு. இங்கே நமக்கு வேண்டியது பிரிப்பதன்று, சேர்ப்பது. ஆகவே ‘தொகை வழக்கு’ என்கிறேன். ‘பால் குடித்தான்’ என்னும்போது ‘ஐ’ உருபு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் பொருளில் இருக்கிறது. அதனால்தான் அது வேற்றுமைத்தொகை. நீதிமன்றப் படியேறாத ஆயிரம் பேரும் அந்த உருபைப் போலவே மறைந்து நின்று வழக்கில் பொருள்படுகிறார்கள். இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தமிழ் எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்று யாரேனும் காட்டினால் ஏற்றுக்கொள்கிறேன்.

அனுப்புநர்: வழக்கறிஞர், மதுரை

ஐயா, விளக்கம் அருமை. படித்துவிட்டு எழுந்து நின்றேன். ஆனால் நீதிமன்ற வளாகத்தில் ‘தொகை வழக்கு’ என்றால், கடன் கொடுத்தவர் பணத்தை வசூலிக்கத் தொடுத்த வழக்கு என்றே எழுத்தர் முதல் கட்சிக்காரர் வரை புரிந்துகொள்வார்கள். மறைந்து நிற்கும் உருபு அவர்கள் கண்ணில் படாது.

அனுப்புநர்: முன்னாள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

வணக்கம். இந்த உரையாடலில் வாதி, பிரதிவாதி என்ற சொற்கள் இதுவரை வராதது எனக்கு மகிழ்ச்சி. எங்கள் நீதிமன்றங்களில் வழக்காளி, எதிராளி என்றே எழுதிப் பழகியவன் நான். நுகர்வோரைப் பாவனையாளர் என்பதும் எங்கள் வழமை. அதற்காக இங்கே பலமுறை திருத்தப்பட்டிருக்கிறேன், இம்முறையும் திருத்தப்படக்கூடும்.

என் முன்மொழிவு ‘நிகராளி வழக்கு’. வழக்காளி, எதிராளி, நிகராளி என்று மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை போல நிற்கும். ஒலி ஒற்றுமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மதுரை வழக்கறிஞர் அவர்கள் குறிப்பிட்ட 23ஆம் விதி நான்கு நிபந்தனைகளை வைக்கிறது. சேர்ந்து வழக்காட இயலாத அளவுக்கு ஆட்கள் பலராக இருத்தல், அவர்களுக்குப் பொதுவான கேள்வி ஒன்று இருத்தல், முன்னால் நிற்பவரின் கோரிக்கை மற்றவர்களின் கோரிக்கைக்கு நிகராக இருத்தல், அவர் மற்றவர்களின் நலனைச் செவ்வனே காத்தல் என்பன அவை. மூன்றாவது நிபந்தனை ‘நிகர்’ என்ற சொல்லிலேயே அடங்கிவிடுகிறது. பிரதிநிதி என்பதற்கு அந்த வலு இல்லை. தேர்தலில் வென்றவரும் பிரதிநிதிதான், அவர் எவருக்கு நிகர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அனுப்புநர்: சட்ட விரிவுரையாளர், திருநெல்வேலி

வணக்கம். இந்தச் சொற்களை வாரம் ஐந்து நாள் கரும்பலகையில் எழுத வேண்டியவள் என்ற முறையில் சில வார்த்தைகள். நிகராளி எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் தேர்வுத்தாளில் அதைக் கண்டால் மாணவர் கேள்வியையே விட்டுவிடுவார். செய்தித்தாள்களோ எதை வேண்டுமானாலும் ‘கிளாஸ் ஆக்‌ஷன்’ என்கின்றன. 2015இல் மேகி நூடுல்ஸ் தொடர்பாக நெஸ்லே நிறுவனத்திடம் ஏறத்தாழ 640 கோடி ரூபாய் கேட்டு மத்திய அரசே தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. 2024இல் அது தள்ளுபடியானது. பத்திரிகைகள் அதையும் அவ்வாறே எழுதின. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், ஒரே அக்கறையுள்ள பலருக்காகச் சிலர் முறையிடுவது ஓர் உட்பிரிவு, அரசு முறையிடுவது அதற்கடுத்த உட்பிரிவு. அரசு சென்றது இரண்டாவது வழியில். இன்னொன்று: ஆணையத்தில் தொடுப்பது சட்டப்படி ‘வழக்கு’ அன்று, ‘முறையீடு’. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவும் அப்படியே சொல்கிறது. ஆகவே முன்னொட்டுக்காகச் சண்டையிடுகையில் பின்னொட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சிதம்பரம்

தொகையை விட்டுவிடுகிறேன், பணம் என்று வந்தால் இலக்கணம் தோற்பது புதிதன்று. வேறொன்று தருகிறேன்: ‘உளப்பாட்டு வழக்கு’.

பேசுபவர் தம்மோடு பிறரையும் அடக்கிக்கொள்வது உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. நன்னூலார் அதைப் பிரித்துக் காட்டுகிறார். அம், ஆம் என்பவை முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்பவை படர்க்கையாரையும் ‘தன்னொடு படுக்கும்’. ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே, அவ்விடத்தில் இல்லாதவர் உள்ளே. இப்போது நீதிமன்றத்தைப் பாருங்கள். பேசுபவர் வழக்காளி. எதிரே நிற்கும் முன்னிலை, மருந்து விற்ற நிறுவனம். வராத நோயாளிகள் படர்க்கை. நிறுவனத்தை விலக்கி, நோயாளிகளை உளப்படுத்தி அவர் ‘நாங்கள்’ என்கிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்தச் சட்டம் விதி எழுதி விளக்குவதை நம் வினைமுற்று விகுதியே சொல்லிவிடுகிறது.

அனுப்புநர்: சட்ட விரிவுரையாளர், திருநெல்வேலி

ஐயா, இதை நாளை வகுப்பில் சொல்லப் போகிறேன். ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்காது. ஆனால் சொல்லாக ஏற்க ஒரு தயக்கம் உண்டு. உளப்படுத்துவது பேசுபவரின் செயல். அடக்கப்பட்டவரை யாரும் கேட்பதில்லை.

போபாலை நினைத்துப் பாருங்கள். 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்தது. மறு ஆண்டே ஒரு சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்ட அனைவர் சார்பிலும் வழக்காடும் உரிமையை மத்திய அரசு தனக்கு மட்டும் உரியதாக்கிக்கொண்டது. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு யூனியன் கார்பைடுடன் சமரசம் முடிந்தது. தொகை சரியா என்று பாதிக்கப்பட்டோரைக் கேட்காமலேயே அது முடிந்தது. இலக்கணப்படி அரசு சொன்னதும் ‘நாங்கள்’தான். விலகிக்கொள்ளும் உரிமை இருப்பதையும் இல்லாததையும் ஒரே சொல்லால் குறித்தால், என் மாணவர் இரண்டையும் ஒன்றென்றே எழுதுவார். ‘குழு’ என்பது இவ்வளவு ஆழம் காட்டவில்லை என்பது உண்மை. பொய்யாக எதையும் சொல்லவும் இல்லை.

அனுப்புநர்: முன்னாள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

விரிவுரையாளர் அவர்கள் சொல்லும் குறையை ‘நிகராளி’யில் காண முடியாது என்பதை மட்டும் பணிவுடன் பதிவுசெய்கிறேன். போபாலில் அரசு எவருக்கும் நிகராக இருக்கவில்லை. அந்த நிறுவனத்தின் இந்தியக் கிளையில் அரசு நிதி அமைப்புகளுக்கும் பங்கு இருந்தது.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், கோவை

அனைவருக்கும் நன்றி. இன்று புதன்கிழமை. இடையில் ஒரு சிறு ஐயம்: ‘பெல்வெதர்’ என்பதற்கு என்ன எழுதலாம்? ஆயிரக்கணக்கான வழக்குகளிலிருந்து சிலவற்றை மட்டும் எடுத்து முழுமையாக விசாரித்து, மற்றவற்றின் போக்கை அறிவதாம். கழுத்தில் மணி கட்டி மந்தைக்கு முன்னே விடும், காயடித்த ஆட்டுக்கிடாவைக் குறித்த சொல் என்கிறது அகராதி. ‘மணிக்கிடா வழக்கு’ என்று எழுத எனக்குத் துணிவில்லை.

அனுப்புநர்: வழக்கறிஞர், மதுரை

கிடாவை மந்தையிலேயே விட்டுவிடுங்கள் அம்மா. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ‘பதச்சோற்று வழக்கு’. வயாக்ஸில் அப்படி விசாரித்த முதல் கூட்டாட்சி வழக்கு, கத்ரீனா புயலால் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியிருந்ததால் 2005 இறுதியில் ஹூஸ்டனில் நடந்தது. விசாரித்து முடித்தவற்றில் பெரும்பாலானவற்றை நிறுவனமே வென்றது. ஆனாலும் பானையில் மிச்சமிருந்ததை நினைத்துப் பணம் கொடுத்தது, தவறென்று ஒப்புக்கொள்ளாமல்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சிதம்பரம்

பதச்சோறு நன்று. மணி என்றதும் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை எழுத வந்தேன். கன்று தானே பாய்ந்து தேர்க்காலில் விழுந்தது, தேரோட்டிய மைந்தனிடம் கவனக்குறைவு இல்லை, ஆயினும் மன்னன் பொறுப்பைச் சுமத்தினான். இது எந்தப் பொறுப்பு வகை என்று வழக்கறிஞர் சொல்ல வேண்டும். நாளெல்லை நெருங்குவதால் அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், கோவை

கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். வழக்கறிஞர் சொன்னபடி மூலத்தோடு ஒப்பிட்டதில், பதினோரிடங்களில் நான்கு உண்மையில் ‘மாஸ் டார்ட்’ என்று தெரிந்தது. அவற்றில் ‘திரள் வழக்கு’. எஞ்சிய ஏழிடங்களில் ‘குழு வழக்கு’. நால்வர் அதற்குச் சம்மதித்தீர்கள். அவருள் இருவர் ‘வேறு வழியில்லை’ என்றே எழுதியிருந்தீர்கள். முதலிடத்தில் ‘கிளாஸ் ஆக்‌ஷன்’ என்பதைத் தமிழெழுத்தில் அடிக்குறிப்பாகத் தந்து, அங்கேயே நிகராளியையும் குறித்திருக்கிறேன். உளப்பாட்டைச் சேர்க்க இடமில்லை. ஐயா பொறுத்தருள வேண்டும். மறுப்பே இல்லாமல் எல்லாரும் ஏற்றது பதச்சோறு ஒன்றைத்தான். இயலில் அது ஒரே ஒரு முறைதான் வருகிறது.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சிதம்பரம்

என் மறுப்பு நிற்கட்டும். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்வோம். அச்சகத்தாரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: பதச்சோற்றில் ‘ச்’ மிகும். போன முறை அவர்கள் மெய்யெழுத்துகளையெல்லாம் மிச்சம் பிடித்துவிட்டார்கள்.