கொலஸ்ட்ரால் மருந்தாய்வில் சேர்வது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 52. எட்டு மாதங்களாக ஸ்டேட்டின் என்னும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை உட்கொண்டும், சிங்கப்பூரின் அங் மோ கியோ பலதுறை மருந்தகத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு லிட்டருக்கு 3.6 மில்லிமோல் என்றே வந்தது. என் தந்தை 49 வயதில் மாரடைப்பால் காலமானவர். புதிய மருந்துகளுக்கான ஆய்வுகளில் நான் எவ்வாறு சேரலாம்?

பதில் 1:
ஐயா, சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையத்தளத்தில் மருந்தாய்வுப் பதிவேடு உள்ளது. அமெரிக்க அரசின் கிளினிக்கல்டிரயல்ஸ்.கவ் தளத்திலும் நாட்டின் பெயராகச் சிங்கப்பூரைக் கொடுத்து, ஆள் சேர்க்கும் நிலையில் உள்ளவற்றை மட்டும் தேடலாம். தகுதி விதிகளை முதலில் படியுங்கள். கொழுப்பின் அளவு கூடினால் தகுதி கிடைக்கும் என்று எண்ணி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்படிச் செய்தவர் ஒருவரை நான் அறிவேன்.

பதில் 2:
நான் ஓர் ஆய்வில் பங்கேற்றவள். ஒப்புதல் படிவம் இருபது பக்கங்களுக்கு மேல் ஆங்கிலத்தில் இருந்ததால், அதை வீட்டுக்கு எடுத்துவந்து, என் மகளுடன் அமர்ந்து வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்திட்டேன். எனக்குச் செலுத்தப்பட்டது மருந்தா, மருந்தில்லாத வெறும் போலி ஊசியா என்பது எனக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. எப்போது வேண்டுமானாலும் காரணம் கூறாமல் விலகலாம். ஒவ்வொரு முறையும் வெறும் வயிற்றில் சென்று இரத்தம் கொடுக்க வேண்டியிருந்ததுதான் சிரமம். (காலையில் காப்பி இல்லாமல் எம்ஆர்டி ரயிலில் நிற்பது தனித் துன்பம்!)

பதில் 3:
தந்தையின் வயதைப் பார்க்கும்போது, ஆய்வைத் தேடுவதற்கு முன்பாகவே பரம்பரைக் கொலஸ்ட்ரால் கோளாறு உள்ளதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கான தேசிய மரபணுப் பரிசோதனைத் திட்டம் 2025இல் இங்கு தொடங்கியது. சில ஆய்வுகள் அக்கோளாறு உள்ளவர்களை மட்டுமே சேர்க்கின்றன.